புதிய ஆசிரியருக்குத் துணை வேண்டும்

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

பட்டம் வாங்கி வந்ததுமே பல பள்ளிகளில் புதிய ஆசிரியரிடம் முழு வகுப்பையும் ஒப்படைத்துவிடுகிறார்கள். அதுவும் மற்றவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய வகுப்பாக இருக்கும். பாடம் அவருக்குத் தெரியும், சரி. புரியாமலே தலையாட்டும் பிள்ளையைக் கண்டுபிடிக்க எந்தத் தேர்வும் சொல்லித் தருவதில்லை. அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருந்து காட்டினால்தான் அது வரும்.

ஸ்காட்லாந்தில் 2002 முதல் புதியவர்களுக்கு ஓராண்டுப் பயிற்சிப் பணி உண்டு: பாடவேளைகள் குறைவு, கூடவே ஒரு வழிகாட்டி. ஜப்பானில் ஒருவர் பாடம் நடத்த, சக ஆசிரியர்கள் வகுப்பில் அமர்ந்து கவனித்து, அப்புறம் கூடிப் பேசுகிறார்கள். மூத்தவர்களின் பாடமும் அங்கே அலசப்படுகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

முதல் ஆண்டிலாவது புதியவரின் பாடவேளைகளைக் குறைத்து, மூத்தவர்களின் வகுப்புகளில் உட்கார விடுங்கள்.

– ஓர் ஆசிரியர்