ஒற்றியூர்க் கருவறையின் பின்சுவரையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டித் திருவொற்றியூர் ஆதிபுரீசுவரரின் கவசம் திறக்கப்படும் மூன்று நாள்களைப் பற்றி ஆண்டுதோறும் நாளிதழ்களில் செய்தி வருகிறது. தரிசன நேரத்தையும் கூட்ட நெரிசலையும் சொல்வதோடு அது பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அந்தக் கருவறை எப்படிக் கட்டப்பட்டது, யார் கட்டினார் என்பதையும் சேர்த்து வெளியிட்டால், மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் எங்களுக்கு அந்தக் காத்திருப்பே ஒரு கல்வியாக அமையும் என்பதால் இதை எழுதுகிறேன்.

இங்கு மூலவர் புற்று வடிவானவர். மண்ணால் ஆன திருமேனியில் நீர் பட்டால் கரைந்துவிடும் என்பதால் அவருக்கு நீராலோ பாலாலோ அபிஷேகம் கிடையாது. ஆண்டு முழுவதும் கவசம் சார்த்திய கோலத்திலேயே இருக்கும் இறைவனுக்கு, கவசம் திறக்கும் அந்த மூன்று நாள்களில் மட்டும் புனுகும் சாம்பிராணித் தைலமும் சார்த்துகிறார்கள். சிறுவயதில் என் தாயாரின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அர்த்த மண்டபத்தை நெருங்கும்போதே அந்த வாசனை முகத்தில் வந்து மோதும். வீடு திரும்பிய பிறகும் அது அம்மாவின் புடவையில் தங்கியிருக்கும்.

அந்தப் புற்றுக்கு எழுப்பிய வீடுதான் நான் சொல்லவந்த செய்தி. சந்நிதியில் வணங்கிவிட்டுப் பிராகாரத்தைச் சுற்றும்போது, கருவறையின் பின்புறம் மற்ற கோயில்களைப்போல் நேர்ச்சுவராக இல்லாமல், படுத்திருக்கும் யானையின் பின்புறம்போல் அரைவட்டமாக வளைந்து செல்வதைக் காணலாம். வடமொழியில் கஜபிருஷ்டம் என்றும் தமிழில் தூங்கானை மாடம் என்றும் இதைச் சொல்வார்கள். பாடி திருவலிதாயத்திலும் இதே அமைப்பு உண்டு. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், மடத்துத் தலைவராக இருந்த சதுரானன பண்டிதரின் சொற்படி, வீரசோழத் தச்சன் என்று பட்டம் பெற்ற இரவி என்பவர் மூன்று தளம் கொண்ட இந்த விமானத்தைக் கருங்கல்லால் எடுத்ததாக இக்கோயிலின் கல்வெட்டு கூறுகிறது. அரசன் பெயரோடு தச்சன் பெயரும் கல்லில் நிலைத்திருப்பது அரிது. ஒவ்வொரு கல்லையும் வளைவுக்கேற்பச் செதுக்கி, இடைவெளி தெரியாமல் அடுக்கிய அந்தக் கைகளுக்கு உரியவரின் பெயரை நாம் இன்றும் சொல்ல முடிகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

கங்கைகொண்ட சோழபுரத்தில் வானளாவ விமானம் எழுப்பிய அதே மன்னன் காலத்தில்தான் இங்கே புற்றுக்கு அடக்கமான ஒரு கற்றளி எழுந்தது. அவனுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அப்பரும் சம்பந்தரும் பாடிவிட்ட தலம் இது. நிருபதுங்கன், அபராசிதன் ஆகிய பல்லவ மன்னர்களின் காலத்துக் கல்வெட்டுகளும் இங்கு உள்ளன. ஆகவே அரசன் புதிதாக ஒரு வழிபாட்டைத் தொடங்கவில்லை. ஊரார் காலங்காலமாக வணங்கிவந்த புற்றுக்குக் கல்லில் ஒரு வீடு கிடைத்தது. பாணினியின் இலக்கணம் கற்பித்த வியாகரணதான மண்டபமும் இங்கு இருந்ததாகக் கல்வெட்டுகளால் அறிகிறோம். சங்கிலியாருக்குச் சுந்தரர் சபதம் செய்து கொடுத்த மகிழ மரத்தை இவ்வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. மாசித் திருவிழாவின் மகிழடி சேவையன்று அங்கே கால்வைக்க இடம் இருக்காது. கல்வெட்டுகளுக்கு முன் நின்று படிப்பவர்களையோ விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வேறொரு ஊரின் பழைய கோயிலில் நான் கண்டதையும் சொல்ல வேண்டும். திருப்பணி முடிந்த சில நாள்களில் அங்கே போயிருந்தேன். அதிட்டானம் என்னும் அடித்தளத்தில், குமுதம் எனப்படும் புடைத்த கல்வரிசையில் இருந்த கல்வெட்டு எழுத்துகளின் மேல் காவியும் வெள்ளையுமாக எனாமல் பெயின்ட் பூசப்பட்டிருந்தது. மின்விளக்குக் கம்பிக்காக ஆணி அடித்த இடத்தில் ஓர் எழுத்தே பெயர்ந்துபோயிருந்தது. அங்கிருந்தவரிடம் கேட்டபோது, "பளிச்சென்று இருக்கட்டும் சார்" என்றார். அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அது எழுத்து என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆதலால் எனது வேண்டுகோள் இரண்டு. திருவொற்றியூர்க் கருவறையின் பின்புறத்தில், கல்லில் துளையிடாமல் தரையில் நிறுத்தக்கூடிய பலகை ஒன்றில், தூங்கானை மாடத்தின் விளக்கத்தையும் வீரசோழத் தச்சன் கல்வெட்டின் செய்தியையும் பாமரரும் படிக்கும் தமிழில் எழுதி வைக்க அறநிலையத்துறை முன்வர வேண்டும். தங்கள் நாளிதழ் அடுத்த கார்த்திகைச் செய்தியுடன் அந்த வளைந்த பின்சுவரின் படத்தையும் வெளியிட வேண்டும். தேரடி மெட்ரோ நிலையத்தில் இறங்கி முதன்முறையாக வருகிறவர்கள், சந்நிதியிலிருந்து நேரே வாசலுக்குத் திரும்பிவிடாமல், எந்தப் பக்கம் போய் எதைப் பார்க்க வேண்டும் என்று அதைக் கொண்டு தெரிந்துகொள்வார்கள்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை.