செயலாளர் ஆண்டறிக்கை: விடுதிப் பேச்சிலேயே போன வருஷம்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். தெருவிளக்கு, சாக்கடை, நாய்த்தொல்லை மூன்றும் போன வருஷம் எப்படியோ இந்த வருஷமும் அப்படியேதான். கொடுத்த மனுக்களின் நகல் கோப்பில் இருக்கிறது. சந்தா பாக்கிக்காரர்கள் பெயரைப் படிக்க வேண்டாமென்று தலைவர் சொல்லிவிட்டார், தப்பித்தார்கள்.

நம்மைப் படுத்தி எடுத்தது விடுதி விவகாரம். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றிப் படுத்துக் கிடக்கிற வீடற்றவர்களுக்கு, ஆள் போட்டுக் கவனிக்கிற விடுதி ஒன்றை நம் தெருவுக்குப் பின்னால் நடத்தத் தொண்டு நிறுவனம் ஒன்று முன்வந்து, சங்கமும் மாதாமாதம் ஏதாவது தர வேண்டும் என்று கேட்டது. மூன்று கூட்டம் சண்டையிலேயே போனது.

பெண் பிள்ளைகள் டியூஷன் போய்வருகிற வழி, குடித்துவிட்டு வருவார்கள் என்றார்கள். அரசாங்கம் செய்ய வேண்டியதற்கு நாம் ஏன் அழ வேண்டும் என்றும் கேட்டார்கள். கடைசிக் கேள்வி நியாயமானது. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு விடுதி, வருஷம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும் என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் ஊரோ 2011 கணக்கெடுப்பில் லட்சத்தைத் தொடவில்லை, அதனால் அந்தக் கணக்கில் நமக்கு விடுதி தானாக வந்துவிடாது. மத்திய அரசு 2013-ல் கொண்டுவந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதியில் 50 பேர் விடுதிக்கு நடத்தும் செலவு ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய், ஒரு மேலாளர், முறை வைத்து மூன்று காப்பாளர் என்று இருந்தது. மாதம் 50,000-ல் நாலு பேர் சம்பளம், கரண்ட், தண்ணீர், பினாயில் எல்லாம் ஓட வேண்டும் என்றால் முதலில் கை வைப்பது ராத்திரி ஆள் சம்பளத்தில்தான், அப்புறம் எதிர்த்தவர்கள் பயந்தது அப்படியே நடக்கும். அதனால் நம் பணம் போவதானால் அந்த ஒரு சம்பளத்துக்குத்தான் போக வேண்டும் என்பது என் கருத்து.

முதல் கூட்டத்தில் நானும் எதிர்த்துத்தான் பேசினேன், மினிட்ஸ் புத்தகத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. மார்கழியில் ஒரு நாள் விடிகாலை நாலரைக்கு பெங்களூரு பஸ் ஏறப் போனேன், எதிரில் வருகிற ஆள் தெரியாத பனி. யாரும் படுக்கக் கூடாதென்று கடைக்காரர் ஒருவர் ராத்திரி சாத்தும்போதே படியில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஈரத்தின் மேல் ஒரு வயதான அம்மா மாம்பழ அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு, ஊறினால் திருப்பிப் போட்டு, படுக்காமல் உட்கார்ந்தே இருந்தார். "சேலம் பஸ் எத்தனை மணிக்கு சாமி?" என்று கேட்டார். சொன்னேன். திரும்பி வந்த ராத்திரியும் அதே படி, அதே கேள்வி. போலீஸ் வந்து கேட்டால் சொல்வதற்கு ஒரு பஸ் வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

சரி, தீர்மானம் நூலிழையில் நிறைவேறியது. ஆறு மாதத்துக்கு மட்டும், இரவுக் காப்பாளர் சம்பளத்துக்கு மட்டும், கண்காணிக்க நம் பக்கம் இருவர், அதில் ஒருவர் பெண். ஒரு ராத்திரி ஆள் இல்லையென்றாலும் அடுத்த மாதப் பணம் கிடையாது. மனநலம் பாதித்தவர்கள் வந்தால் என்ன செய்வது என்றதற்கு, ஓய்வுபெற்ற ஏட்டையா விளக்கம் சொன்னார்: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி போலீஸ் பொறுப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், விடுதியில் பூட்டி வைக்கிற பேச்சே இல்லை.

பொருளாளர் தனி நோட்டுப் போட்டிருக்கிறார். முதல் பக்கம் இன்னும் காலி, ராத்திரி வேலைக்கு ஆள் அமையவில்லை. தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் என்னிடம் சொல்லுங்கள்.