குரங்கும் எலக்ட்ரானும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில் ‘இரண்டு உலோக அணைவுகள் மோதினால் எலக்ட்ரான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிவிடும், அவ்வளவுதான்’ என்று எழுதி, பக்கத்திலேயே கிளை தாவும் குரங்கின் படமும் போட்டிருந்தீர்கள். படம் அழகு. (அணைவு என்றால் ஓர் உலோக அயனியும் அதைச் சுற்றி ஒட்டிக்கொண்ட மூலக்கூறுகளும் அயனிகளும் சேர்ந்த கூட்டு.) முப்பத்திரண்டு வருடம் கனிம வேதியியல் நடத்தியவனுக்கு அந்த ‘அவ்வளவுதான்’ தொண்டையில் சிக்கிக்கொண்டது.

வேதியியலாளர் ஹென்றி டௌபே 1953இல் வெளியிட்ட சோதனை தங்களுக்குத் தெரியாததல்ல. கோபால்ட் 3+ (மூன்று எலக்ட்ரான் இழந்த அயனி), ஐந்து அம்மோனியாவையும் ஒரு குளோரைடையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதோடு குரோமியம் 2+ சேர்ந்தால் எலக்ட்ரான் கோபால்ட்டுக்குப் போகிறது, குளோரைடு குரோமியத்துக்கு வந்துவிடுகிறது. கரைசலில் கதிரியக்கக் குளோரைடைக் கலந்தும் பார்த்தார்கள். அது குரோமியத்தில் ஏறவில்லை; அதாவது குரோமியத்துக்கு வந்தது கரைசலில் மிதந்த குளோரைடு அல்ல, கோபால்ட்டிடம் இருந்ததே. வெறும் தாவல் என்றால் குளோரைடு ஏன் ஐயா வீடு மாற வேண்டும்? இரண்டு உலோகத்துக்கும் நடுவில் அதுதான் பாலமாக நின்றது. குளோரைடுக்குப் பதில் ஆறாவது அம்மோனியாவை வைத்தால் பாலத்துக்கு வழியில்லை. வேகம் பல நூறு கோடி மடங்கு விழுந்துவிடும். 1983இல் நோபல் பரிசைச் சும்மாவா கொடுத்தார்கள்?

பாலமில்லாத தாவலும் உண்டு, மறுக்கவில்லை. அதற்கும் முன்கூட்டியே பிணைப்புகள் நீண்டு சுருங்கி, சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளும் இடம் மாறித் தயாராக வேண்டும். அதைக் கணக்குப் போட்டுக் காட்டிய வேதியியலாளர் ருடால்ஃப் மார்கஸுக்கு 1992இல் நோபல். குரங்கு இவ்வளவு யோசிப்பதில்லை.

இதையெல்லாம் புத்தகத்தில் மட்டும் படித்துவிட்டுச் சொல்லவில்லை. துத்தநாக ரசக்கலவையோடு (பாதரசத்தில் கலந்த துத்தநாகம்) குரோமியக் கரைசலைக் குலுக்கி, வாயு தயாரிக்கும் கிப் உபகரணத்துக் கரியமில வாயுவுக்குள் வைத்து, குரோமியம் 2+இன் அந்த வான நீலத்தை மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். ரப்பர் அடைப்பான் கொஞ்சம் தளர்ந்தால் போதும், காற்றுப் பட்டு எல்லாம் பச்சையாகிவிடும். ஒரு வருடம் கோபால்ட் உப்பு வாங்கப் பணமில்லை என்று அலுவலகத்தில் கைவிரித்தார்கள். அதே மாதம் வரவேற்பு வளைவுக்குப் பணம் இருந்தது. பையன்களோ கடை நோட்ஸில் ‘உட்கோள வழிமுறை, ஐந்து மதிப்பெண்’ என்று (இந்தப் பால வழிக்குப் பாடப் பெயர் அதுதான்) உருப்போட்டுத் தேறினார்கள்.

உங்களிடமும் பழைய பாக்கி இருக்கிறது. என் இரண்டு கடிதங்கள் குப்பைக்கூடைக்குப் போயின. மூன்றாவதைப் பெரிய மனது வைத்துப் போட்டீர்கள்; அதில் ‘ஈனி’ (உலோகத்தோடு ஒட்டியிருக்கும் குளோரைடு, அம்மோனியா போன்றவை) எல்லாம் ‘ஏணி’ ஆகியிருந்தது. குரோமியம் ஆறு ஏணிகளோடு நிற்கிறது என்று படித்துவிட்டு என் மனைவியே சிரித்தாள். ராசிபலனில் ஒரு எழுத்துப்பிழை வந்து நான் பார்த்ததில்லை.

நான் கேட்பது ஒரு வரித் திருத்தம்தான். ‘பல வினைகளில் ஈனி ஒன்று பாலமாக நிற்கும்’ என்று கடைசிப் பக்க மூலையில் போட்டாலும் சரி. அச்சுக்குப் போகுமுன் அந்த ‘ஈ’யை மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்.