இரண்டு சாமுவேல் பட்லர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வார ஞாயிறு இணைப்பில் பட்லர் என்ற பெயர்கொண்ட எழுத்தாளர்களைப் பற்றிய கட்டுரையில் ‘ஹுடிப்ராஸ்’ காவியத்தையும் ‘எரெவான்’ நாவலையும் ஒரே சாமுவேல் பட்லர் தலையில் கட்டியிருக்கிறீர்கள். முன்னதை எழுதியவர் 1680இல் காலமானவர். பின்னதை எழுதியவர் பிறந்ததே 1835இல். ஆனால் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கல்லூரி நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இருவரையும் ஒரே கேட்லாக் கார்டில் எழுதி வைத்தவன்தான். கார்டின் ஓரத்தில் ‘இவர் வேறு, அவர் வேறு’ என்று யாரோ ஒரு பேராசிரியர் பென்சிலால் கிறுக்கிவிட்டுப் போயிருந்தார்.

பட்லர் என்றதும் நமக்கு நினைவு வருவது பட்லர் இங்கிலீஷ்தான். பாட்டிலுக்கான பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் பட்லர். பிரபு வீட்டு ஒயினுக்குக் காவல் இருந்தவரே பட்லர். முதல் சாமுவேல், இங்கிலாந்தின் லட்லோ கோட்டையில் காரியஸ்தர் வேலையே பார்த்திருக்கிறார். அவர் காவியத்தை மன்னர் இரண்டாம் சார்லஸ் விழுந்து விழுந்து ரசித்தார். கவிஞர் என்னவோ வறுமையில்தான் செத்தார். 1721இல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். அப்பம் கேட்டவருக்குக் கல் கிடைத்தது என்று அதைக் குத்திக்காட்டிப் பாடியவரும் ஒரு சாமுவேல்தான், கவிஞர் சாமுவேல் வெஸ்லி.

இரண்டாமவர் பாதிரியாக மாட்டேன் என்று அப்பாவிடம் முறுக்கிக்கொண்டு நியூசிலாந்துக்குக் கப்பலேறி ஆட்டுப்பண்ணை வைத்தவர். அங்கே கிறைஸ்ட்சர்ச்சில் வெளிவந்த ‘தி பிரஸ்’ பத்திரிகைக்கு 1863 ஜூனில் அவர் எழுதியதும் ஓர் ஆசிரியர் கடிதம்தான். இயந்திரங்களும் உயிர்களைப்போலப் பரிணாமம் பெறுகின்றன, ஒருநாள் நாம் அவற்றுக்கு அடிமையாவோம், இப்போதே அடித்து நொறுக்குங்கள் என்று அதில் பாதி கேலியாக எழுதினார். கீழே போட்ட புனைபெயர் ‘செல்லாரியஸ்’. லத்தீனில் நிலவறைக் காப்பாளர், அதாவது அதே பட்லர்! அந்தக் கடிதத்தின் கருத்துதான் 1872இல் ‘எரெவான்’ நாவலில் மூன்று அத்தியாயங்களாக வளர்ந்தது. முதற்பதிப்பில் அவர் பெயரே இல்லை என்பது வேறு கதை.

அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆக்டேவியா பட்லருக்கு ஒரு வரிகூட ஒதுக்காததுதான் எனக்கு மனத்தாங்கல். கலிபோர்னியாவில் வீட்டுவேலை செய்த தாயின் மகள். அம்மா வெள்ளையர் வீடுகளுக்குள் பின்வாசல் வழியாக நுழைவதைச் சிறுவயதில் கூடவே போய்ப் பார்த்தவர். 1979இல் வந்த அவருடைய ‘கிண்ட்ரெட்’ நாவலில், 1976ஆம் ஆண்டில் வாழும் கறுப்பினப் பெண் ஒருத்தி அடிமைமுறை நடந்த மேரிலாந்துக்குத் திரும்பத் திரும்ப இழுத்துச் செல்லப்படுகிறாள்.

திருத்தம் போடும்போது பெயருக்குப் பக்கத்தில் ஆண்டையும் போட்டுவிடுங்கள்.

ஓய்வுபெற்ற நூலகர்,
திருச்சி