அப்பாவுக்கு, இங்கிலாந்தின் நார்ஃபோக்கிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்க கடிதம் வந்து மூணு வாரம் ஆச்சு. பதில் போடாதது என் தப்புதான். வீடு எப்படின்னு கேட்டிருந்தீங்க. கொத்தனாரான உங்களுக்குத் தப்பா எழுதக் கூடாதேன்னு இன்னைக்குச் சுவரைச் சுத்திப் பார்த்துட்டு உக்கார்ந்தேன்.

வயல் நடுவுல பழைய பண்ணை வீடு. பின்கட்டு அறை எனக்கு. 1790 வாக்குல கட்டினதாம். முழுக்கச் செங்கல், வெளிப்பூச்சே கிடையாது. ஒரு கல் நீட்டுவாக்குல, அடுத்தது தலை மட்டும் தெரியற மாதிரி, வரி முழுக்க மாத்தி மாத்தி. பிளெமிஷ் கட்டுன்னு பேர். சூளையில நெருப்புக்கிட்ட வெந்து நீலம் பாரிச்ச கல்லை நீங்க ஒதுக்கித் தள்ளுவீங்களே, அதைப் பொறுக்கி எடுத்து முகப்புல கோலம் போட்டிருக்காங்க! அப்போ கல்லுக்கே வரியாம், 1784-லேர்ந்து 1850 வரைக்கும். எண்ணிக்கைக்கு வரின்னதும் சூளைக்காரங்க கல்லைப் பெருசா அறுத்துட்டாங்க. ஜன்னலுக்கும் வரி இருந்திருக்கு. என் அறையில ஒரு ஜன்னலைக் கல் வெச்சு அடைச்சது அதனாலதான்னு வீட்டுக்காரம்மா சொல்றாங்க. ராத்திரி ஷிஃப்ட் பார்த்துட்டுப் பகல்ல தூங்கறவனுக்கு வெளிச்சம் எதுக்கு?

அந்தம்மாவுக்கு எண்பது வயசு. வீட்டுக்குள்ளயும் கோட்டு, தொப்பி. தினம் சாயங்காலம் டார்ச்சோட வடக்குச் சுவரைப் பார்த்துட்டு வருவாங்க. எவனோ கல் இடுக்குல சிமெண்ட் அடைச்சுப் பாயிண்டிங் பண்ணிட்டான். உள்ள இறங்கின ஈரம் வெளியேற வழியில்லாம, குளிர்ல உறைஞ்சு, கல்லோட முகம் பொரிஞ்சு உதிருது. ஒரு சில்லு என் மேஜை மேலதான் இருக்கு. நகத்தால சுரண்டினாலே மாவாகுது. நாங்க சுண்ணாம்புல கடுக்காய்த் தண்ணி ஊத்துவோம்னேன். நோட்டுல எழுதிக்கிட்டாங்க.

சமையல்கட்டுல ஒரு ஆள் நிக்கற அளவுக்குப் பழைய அடுப்பு, மேல ஓக் உத்தரம், பக்கத்துல ரொட்டி சுடற மாடம். இப்ப யாரும் மூட்டறதில்ல. அம்மா குடுத்த சாம்பார்ப் பொடி அந்த மாடத்துலதான் இருக்கு. ஈரம் அண்டலை. ஹீட்டர் எனக்கு ஒத்துக்கலை, போடறதில்ல. கம்பளியே போதும்.

நேத்து மழையில சுவர் நனைஞ்சதும், வேலை விட்டு வந்து நீங்க கழட்டிப் போடுற சட்டை வாசனை. கொஞ்ச நேரம் மழையிலயே நின்னுட்டேன்.

அது போகட்டும். கமலா சீமந்தத்துக்கு அடுத்த மாசம் சேர்த்து அனுப்பறேன். அதுக்குள்ள மச்சான்கிட்ட கைமாத்துக் கேட்டுடாதீங்க. முட்டி வலியோட சாரத்துல ஏறாதீங்க. பெரியப்பா பொதுச்சுவருக்குச் சிமெண்ட் பூசணும்கறாராமே? தாத்தா வெச்ச சுண்ணாம்புச் சுவர் அது. கையே வைக்க வேண்டாம்னு சொல்லுங்க. பாகப் பத்திரத்துல நான் கையெழுத்துப் போடச் சம்மதிச்சுட்டேன்னு அவர் சொன்னா நம்பாதீங்க.

உங்கள் மகன்,
செல்வம்