தலைகளை மட்டும் எண்ணாதீர்கள்: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளிக் கல்வித் துறைச் செயலர் அவர்களுக்கும் தொடக்கக் கல்வி இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம். திருப்பூரை ஒட்டிய ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். என் மகள் அங்கே ஏழாம் வகுப்பு படிக்கிறாள். 2025 பிப்ரவரியில் 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு மாணவர்களின் கற்றல் நிலையை அளக்கும் மாநில அடைவுத் தேர்வு நடந்ததிலிருந்து பள்ளியைப் பற்றிய பேச்சு முழுவதும் மதிப்பெண்ணைச் சுற்றியே போகிறது. எந்த மாவட்டம் முந்தியது, எந்தப் பள்ளி பின்தங்கியது என்று கேட்கிறார்கள். வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள், எந்த மாதத்தில் வந்து சேர்ந்தவர்கள் என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்காமல் எங்கள் பள்ளியை எடைபோடுவது நியாயமில்லை.

எங்கள் எட்டாம் வகுப்பில் முதல் வகுப்பிலிருந்தே இங்கே படித்தவர்கள் பாதிப்பேர்கூட இருக்க மாட்டார்கள். தேனி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஒருபுறம். ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்கள் இன்னொருபுறம். அப்பாவும் அம்மாவும் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவில் வீடு திரும்பும்வரை தம்பி தங்கைகளுக்குச் சோறு போட்டுத் தூங்க வைப்பது இந்தப் பிள்ளைகள்தான். கம்பெனியில் ஆர்டர் குறைந்தால் குடும்பம் மூட்டை கட்டிவிடும். திரும்பி வரும்போது பாடம் எங்கோ போயிருக்கும்.

பீகாரிலிருந்து வந்த ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தனிவட்டிக் கணக்கை ஆசிரியர் வாய்விட்டுப் படித்துக் காட்டினால், விரலை மடக்கிக் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரியான விடையைச் சொல்லிவிடுவாள். அதே கணக்கைத் தாளில் கொடுத்தால் முதல் வரியிலேயே நின்றுவிடுவாள். "அசல்" என்ற சொல்லை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் மற்றவர்கள் அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். விடையைத் தேர்ந்து குறிக்கும் கொள்குறி வினாத்தாளில் அவளுடைய விடை தவறு. தவறியது கணக்கு அல்ல, தமிழ் வாசிப்பு என்பது அந்தத் தாளைத் திருத்தும் இயந்திரத்துக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாணவர் விவரங்களைப் பதியும் உங்கள் எமிஸ் தளத்தில் தாய்மொழியையும் பெற்றோர் தொழிலையும் தலைமையாசிரியர் பதிவேற்றித்தானே வைத்திருக்கிறார்?

உள்ளூரில் சற்று வசதியுள்ளவர்கள் தனியார் பள்ளிக்குப் போய்விட்டார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் எல்.கே.ஜி.யிலேயே அங்கே சேர்ந்தவர்களும் உண்டு; அவர்களுக்கான கட்டணம் அரசுப் பணத்திலிருந்தே போகிறது. எங்கள் தெருவில் மகனைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு மகளை எங்கள் பள்ளிக்கு அனுப்பும் வீடுகள் இருக்கின்றன. மிச்சமிருப்பவர்களில் பெரும்பகுதி பட்டியலினத்துப் பிள்ளைகள், கூலி வேலை செய்வோரின் பிள்ளைகள், பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. இந்தப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பாமல் சேர்த்துக்கொள்ளும் ஒரே பள்ளி எங்களுடையது. பெரும்பாலும் கட்டணம் கட்டக்கூடியவர்களையே சேர்க்கும் பள்ளியோடு இதை ஒரே தராசில் வைப்பது எப்படி?

காலைச் சிற்றுண்டியைப் பாருங்கள். 2022 செப்டம்பரில் மதுரையில் முதலமைச்சர் தொடங்கி வைத்த திட்டம் அது. எங்கள் பள்ளிக்கு வந்தபோது மனம் நிறைந்து வரவேற்றோம். ஆனால் அது 1 முதல் 5ஆம் வகுப்பு வரைதான். நடுநிலைப் பள்ளியில் இதன் பொருள் என்ன என்பதை ஒரு நாள் காலை வந்து பாருங்கள். ஆறாம் வகுப்பு அக்கா தன் மூன்றாம் வகுப்புத் தம்பியைக் கைப்பிடித்து அழைத்து வருகிறாள். தம்பி உப்புமா சாப்பிடுகிறான். அக்கா அவன் பையை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். இருவரும் ஒரே வீட்டிலிருந்து, ஒரே வெறும் வயிற்றோடுதான் வந்தார்கள்.

அந்த அக்கா படிக்கும் ஆறாம் வகுப்பைத்தான் அரசும் முக்கியமாகக் கருதுகிறது. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, கல்லூரி மாணவிகளுக்கான புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் ஆகிய இரண்டுக்குமே அரசுப் பள்ளியில் படித்த ஆண்டுகள் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கிடப்படுகின்றன. அந்த வகுப்பில் பாடம் நடத்த எத்தனை பேர்? கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 6 முதல் 8 வரை வகுப்புக்கு ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும். கணிதம்-அறிவியலுக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவர். சட்டம் சொல்வது குறைந்தபட்சம். எங்களுக்குக் கிடைப்பதும் அதுவே. தமிழே புதிதான பிள்ளைக்குத் தமிழும் ஆங்கிலமும் ஒரே ஆசிரியர் சொல்லித் தர வேண்டும். அவர் பயிற்சிக்குப் போகும் நாளில் அதுவும் இல்லை.

ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர்கள் என்று முடிவுசெய்யும் பணியிட நிர்ணயம் ஆகஸ்ட் 1 மாணவர் எண்ணிக்கையை வைத்து நடக்கிறது. எங்கள் பள்ளியில் தீபாவளிக்கு ஊருக்குப் போன குடும்பங்கள் திரும்பும்போது சொந்தக்காரர்களையும் கூட்டி வருவார்கள். பொங்கலுக்குப் பிறகும் சேர்க்கை நடக்கும். அந்தப் பிள்ளைகள் பணியிடக் கணக்கில் வருவதில்லை. அடைவுத் தேர்வு மட்டும் பிப்ரவரியில் அவர்களையும் வைத்துக்கொண்டு நடந்தது.

எங்கள் ஆசிரியர்கள் சும்மா இருக்கவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை தேசிய வருவாய்வழித் திறன் தேர்வுக்கு மாலையில் உட்கார வைத்துப் பயிற்சி தருகிறார்கள். தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்கு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். கூலி வாங்கும் வீட்டுக்கு அது சிறிய தொகை அல்ல. பிள்ளையைக் கம்பெனிக்கு அனுப்பும் எண்ணத்தையே தள்ளிப்போட வைக்கும்.

ஆகவே கேட்கிறேன். பணியிட நிர்ணயத்துக்கு ஆகஸ்ட் எண்ணிக்கையோடு ஜனவரி எண்ணிக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத பிள்ளைகள் அதிகமுள்ள நடுநிலைப் பள்ளிகளுக்குத் தமிழ் கற்பிக்கக் கூடுதலாக ஒருவரைத் தாருங்கள். சிற்றுண்டியை எட்டாம் வகுப்பு வரை நீட்டுங்கள். அடைவுத் தேர்வு முடிவைப் பள்ளிவாரியாக ஆய்வு செய்யும்போது, எத்தனை பிள்ளைகள் ஆண்டின் நடுவில் சேர்ந்தார்கள், எத்தனை பேருக்குத் தமிழ் இரண்டாவது மொழி, எத்தனை பணியிடங்கள் காலியாக இருந்தன என்பதை அதே தாளில் அச்சிடுங்கள். பிள்ளைகளின் சாதி அதில் இடம்பெறக் கூடாது. வருகைப் பதிவேட்டில்கூட அது வேண்டாம் என்று மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் சொன்னது எங்களுக்கும் உடன்பாடே.

பணியிட நிர்ணயத்தை மாற்ற அரசாணை வேண்டும், அதற்கு நாளாகும் என்பது தெரியும். ஆய்வுத் தாளில் மூன்று கட்டங்களைச் சேர்க்க அவ்வளவு நாள் தேவையில்லை. எங்கள் பள்ளிக்கான விவரங்களைத் தலைமையாசிரியரோடு உட்கார்ந்து நிரப்பித் தர மேலாண்மைக் குழு தயாராக இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு நடுநிலைப் பள்ளி மாணவியின் தாய்,
திருப்பூர் மாவட்டம்