பறித்தால் பழம் கிடைக்கும்

ஆசிரியருக்கு,

கொடைக்கானல் குணா குகைப் பக்கம் குரங்கு கைப்பேசியைப் பறித்தால், பழம் வீசி மீட்கப் பார்க்கிறோம். அதற்கு அது கூலி, மறுபடியும் பறிக்கும். பாலித் தீவின் உலுவாட்டு கோயிலில் வளர்ந்த குரங்குகள் மதிப்புள்ள பொருளாகப் பார்த்துப் பறித்து, பிடித்த தீனி வரும்வரை விடாமல் வைத்திருப்பதை 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. குட்டிகளுக்கு அந்தத் தேர்ச்சி இல்லை, பழகித்தான் வருகிறது. நம் நாட்டுக்குரங்குகளும் சளைத்தவை அல்ல: கர்நாடகத்தின் பந்திப்பூர் காட்டில் மனிதரிடம் குரல் கொடுத்து, கைநீட்டிக் கேட்கின்றன.

இப்படிப் பழகித் தேறும் குரங்கு குப்பையிலும் தீனி தேடும்; ஆகவே குப்பைத்தொட்டிக்குக் கனமான மூடி மட்டும் போதாது. தொட்டியையே சாய்த்துவிடும். தொட்டியின் கால்களைத் தரையில் கான்கிரீட்டில் பதித்து, தாழ்ப்பாளை விரல் எட்டாதபடி உள்ளே வைக்க வேண்டும். நிரம்பி வழிந்தால் மூடி படியாது, தாழ்ப்பாளும் விழாது. தினமும் இருட்டுமுன் அள்ளுங்கள்.

வாசகர், கொடைக்கானல்